பேட்டரி மேல் பழி

வண்டி நின்றுவிட்டது என்று யார் வந்தாலும், எங்கள் கடையில் ரிப்பேர் பார்த்த அந்தப் பெண் உடனே வண்டியைத் தொடமாட்டார். நீல பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார், வந்தவரையும் உட்காரச் சொல்லுவார், பேச்சுக் கொடுப்பார். "ஏத்தத்துல நின்னுச்சா, எறக்கத்துலயா? மழையில நனஞ்சுச்சா? சார்ஜ் எங்குட்டு வச்சுப் போடுறீக?" வந்தவர் பொறுமை இழந்து, "பேட்டரிதாம்மா போயிருச்சு, எல்லாரும் அதான் சொல்றாக" என்பார். "பேட்டரி மேல சும்மா பழி போடாதீக, பாவம். மொதல்ல பாப்பம்" என்று சொல்லி, அதன் பிறகுதான் கரண்ட் அளக்கும் மீட்டரை எடுப்பார்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் நான் எலக்ட்ரிக் சைக்கிள் கடை தொடங்கிய இரண்டாம் வருடம் அவர் வேலைக்கு வந்தார். எனக்கு விற்கத் தெரியும். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், முழங்கால் வலிக்காது என்று நான் பேசத் தொடங்கினால், பக்கத்துக் கடைக்குக் குடம் வாங்க வந்தவர்கூட ஒரு சைக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார். விற்ற சைக்கிள்களை ஒவ்வொருவராக உருட்டிக்கொண்டு திரும்பி வந்தபோதுதான் எனக்கு வாயடைத்துப் போனது. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் சர்க்யூட் போர்டு சோதித்துக்கொண்டிருந்த பெண், பக்கத்து ஊரான கல்லலில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார், வேலை தேடுகிறார் என்று யாரோ சொல்லி அனுப்பினார்கள். வயது முப்பத்திரண்டு முப்பத்துமூன்று இருக்கும். சுடிதாருக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. டிபன் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே மீட்டரைத் துண்டில் சுற்றி வைத்திருப்பார். கடைக்குப் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாம்ணே, இது எங்கிட்டப் பொய் சொல்லாது" என்றார்.

பெரிய வீடு ஒன்றைக் காவல் பார்ப்பவர் ஒருவர் ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் பாதிகூட ஏறவில்லை. நான் புதுப் பேட்டரிக்கு ஆள் பிடித்தாயிற்று என்ற சந்தோஷத்தில் பேசிக்கொண்டிருந்தேன். இவர் அளந்து பார்த்தார். பேட்டரியும் சரியாக இருந்தது, சார்ஜரும் சரியாக இருந்தது. "அப்ப வீட்டத்தான் பாக்கணும்" என்று அவரோடேயே கிளம்பிப் போய்விட்டார். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு அது. காவல்காரர் சார்ஜ் போடுவது பின்கட்டில். அந்தப் பிளக்குக்குக் கரண்ட் வருவதோ முகப்பில் இருக்கிற ஒரு பழைய சுவிட்ச் வழியாக. சாயங்காலம் முகப்பில் விளக்கேற்ற வருகிற அம்மாள், போகும்போது எல்லா சுவிட்சையும் பொறுப்பாக அணைத்துவிட்டுப் போவார். இவர் முன்னுக்கும் பின்னுக்குமாக நடந்து, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். கடைக்குத் திரும்பியதும், "வீட்டு ஒயர் போச்சுன்னு நெனச்சேன். நான் நெனச்சது தப்பு" என்று சத்தமாகச் சொன்னார்.

இந்த "நான் நெனச்சது தப்பு" ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவையாவது கேட்கும். டீ சொல்லுங்கண்ணே என்பது மாதிரி சாதாரணமாகச் சொல்லுவார். முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. வாடிக்கையாளர் எதிரில் மெக்கானிக்கே தப்பு தப்பு என்று சொன்னால் கடைக்கு என்ன மரியாதை? தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "தப்புன்னு சொன்னாத்தானண்ணே அடுத்தத யோசிக்க முடியும்" என்றார். கோபமில்லை, எனக்குப் பாடம் எடுக்கும் எண்ணமும் இல்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்ன பதில் அது.

என் குணம் நேர் எதிர். எனக்கு முதலில் யார் மேலாவது கோபம் வர வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். ஒரு வாரத்தில் கடையில் இரண்டு சார்ஜர் எரிந்துபோயின. கரண்ட்டுக்காரர்கள்தான் காரணம், வோல்டேஜை ஏற்றி இறக்கி விளையாடுகிறார்கள் என்று ரோட்டில் நின்று சத்தம் போட்டேன். புகார் எழுத வெள்ளைத் தாள்கூட எடுத்துவிட்டேன். இவர் என் மேசைக்கு அடியில் குனிந்து, நான் வாங்கிப் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றி, உள்ளே கரிந்திருந்த இடத்தை என்னிடம் காட்டினார். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேலிகூடச் செய்யவில்லை.

இப்படியே நல்லதாக எழுதிக்கொண்டு போக ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரைப் புகழ எனக்கு யோக்கியதை இல்லை. அவருக்கு நான் செய்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஓர் ஆச்சி உண்டு. ஐம்பத்தைந்து வயது, பலகாரம் செய்து வீடுகளுக்குக் கொடுப்பவர். கைமுறுக்கு, மாவுருண்டை, சீயம் எல்லாம் அவர் கையில் பிரமாதமாக வரும். கேரியரில் இரண்டு தூக்கு வாளி கட்டிக்கொண்டு, எங்கள் கடைச் சைக்கிளில் காரைக்குடி முழுக்கச் சுற்றுவார். ஒரு வியாழக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் தானாக நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஓடுகிறது என்றார். இவர் சாயங்காலம் வரை பார்த்தார். வெள்ளிக்கிழமை காலையில் பள்ளத்தூரில் ஒரு வண்டி நின்றுபோய்விட்டது என்று போன் வந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "அண்ணே, ஆச்சி வண்டியக் குடுத்துராதீக. ஹேண்டில் பாரத் திருப்பையில நிக்கிது. பிரேக் ஒயர்ல எங்கயோ தேஞ்சிருக்குன்னு நெனைக்கிறேன். வந்து பாத்துக்கிறேன்" என்றார். சரிம்மா என்றேன்.

பத்து மணிக்கு ஆச்சி வந்துவிட்டார். கழனிவாசல் பக்கம் ஒரு வீட்டில் மறுநாள் அறுபதாம் கல்யாணம். சீர்ப் பலகாரத்தை அன்றைக்கே கொண்டுபோய் இறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிடித்துவிடும், சீர்ப் பலகாரத்தை ராகு காலத்தில் வீட்டை விட்டு எடுக்க முடியாது, பன்னிரண்டு வரை காத்திருந்தால் அங்கே அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். "பத்து நிமிசந்தாம்ப்பா இருக்கு. ஓடுற மாதிரி பண்ணிக் குடு" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒருத்தர் என் எதிரில் நின்று காத்திருந்தால் எனக்கு உடம்பெல்லாம் பரபரக்கும். முடியாது என்ற சொல் என் வாயில் வரவே வராது.

நான் செய்தது இதுதான். சீட்டுக்கு முன்னால் இருக்கிற கறுப்புப் பெட்டியைத் திறந்தேன். பிரேக்கிலிருந்து வருகிற ஒயர் ஒரு சின்ன வெள்ளைக் கனெக்டரில் வந்து சேரும். பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தச் சொல்லுவது அந்த ஒயர்தான். ஒயர் தேய்ந்துபோனால், பிரேக் பிடிக்காமலே பிடித்த மாதிரி நினைத்துக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். அந்தக் கனெக்டரைப் பிடுங்கினேன். பின்சக்கரம் அருமையாகச் சுற்றியது. ஆச்சிக்குச் சந்தோஷம். "நீயே பாத்துட்டியே!" என்று எனக்கு நாலு மாவுருண்டை கொடுத்தார். வீட்டுக்குப் போய் வாளிகளை ஏற்றிக்கொண்டு பத்தரைக்குள் புறப்பட்டும்விட்டார்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. ஒவ்வொரு வண்டியையும் திருப்பிக் கொடுக்கும் முன்பு அவர் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஆக்சிலேட்டரைத் திருகி, ஓடுகிற மோட்டார் பிரேக் தொட்டதும் நிற்கிறதா என்று பார்ப்பார். எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். "பயந்துபோயி பிரேக் புடிக்கிறவுக ஆக்சிலேட்டரையும் சேத்து முறுக்கிருவாகண்ணே. மோட்டார் நிக்கலன்னா வண்டி ஆளத் தள்ளிவிட்டுரும்" என்று என் கையைப் பிடித்து வைத்தே காட்டினார். எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு நாள்தானே, நாளைக்குக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

மத்தியானம் அவர் திரும்பி வந்து, வண்டி நின்ற இடத்தைப் பார்த்தார்.

"ஆச்சி வண்டி எங்கண்ணே?"

"அது சரியாப் போச்சும்மா. கனெக்டர அழுத்திச் சொருகினேன், ஓடிருச்சு."

"எந்தக் கனெக்டரு?"

"ஏதோ ஒண்ணு. ஓடுச்சுல்ல, விடு."

அவர் விடவில்லை. "ஏன் சரியாச்சுன்னு தெரியாம எனக்கு மனசு ஒப்பலண்ணே. ஆச்சிய ஒருக்கா வரச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். சனிக்கிழமை கேட்டார். போன் எடுக்கவில்லை என்றேன். நான் போனே போடவில்லை. போட்டால் ஆச்சி வருவார், இவர் பெட்டியைத் திறப்பார், கனெக்டரைப் பார்ப்பார், எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்த மாதிரி என்னைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்குப் பயந்துதான் சனியும் ஞாயிறும் சும்மா இருந்தேன்.

திங்கட்கிழமை ஆச்சி விழுந்துவிட்டார். முன்னால் போன ஆட்டோ சட்டென்று நிற்க, ஆச்சி பயந்துபோய் பிரேக்கைப் பிடிக்க, வண்டி நிற்காமல் ஆட்டோவின் பின்னால் போய் முட்டிவிட்டது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. முறுக்குச் சுற்றுகிற கை.

சாயங்காலம் அவருடைய மகன் வண்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். பாத்திரக் கடை வைத்திருப்பவர், சத்தமாகப் பேசித்தான் பழக்கம். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். "யாரு பாத்தது இந்த வண்டிய?" என்று கேட்டார்.

இவர் மீட்டரை எடுத்து வந்து, பெட்டியைத் திறந்து, ஒரு நிமிடம் உள்ளே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பிரேக் கனெக்டர் கழண்டு கெடக்குது. அதுனாலதான் மோட்டார் நிக்காம ஆச்சியத் தள்ளிருக்கு" என்றார்.

"கழண்டுச்சா, கழட்டினாகளா?"

"தானாக் கழலாது. கழட்டித்தான் இருக்காக."

"யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பயந்துகொண்டிருந்த பார்வை இல்லை அது. நான் பேசுவேன் என்று காத்திருந்த பார்வை. அந்தக் கடையில் வண்டியைத் திறப்பதற்கு நாங்கள் இரண்டு பேர்தான் என்று அவருக்குத் தெரியும், தான் கழற்றவில்லை என்பதும் தெரியும். ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை, எனக்கு இடம் விட்டு நின்றார்.

நான் சொன்னேன்: "வண்டி வேலையெல்லாம் இங்க அவுகதான் பாக்குறாக."

அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. நான் அதை யோசித்துத் தேர்ந்து எடுத்துச் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

மகன் அவரைப் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பொம்பளையை நம்பி வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்பதுதான் அதில் மிகவும் மரியாதையான பகுதி. நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். அவர் தலைகுனியவில்லை, அழவும் இல்லை. பேசி முடிக்கும் வரை நின்றுவிட்டு, "வண்டி இங்கயே இருக்கட்டும், நானே சரி பண்ணி வீட்டுல கொண்டாந்து விடுறேன்" என்று மட்டும் சொன்னார். மகன் போனதும் நான் குடோனுக்குள் போய், எதையோ தேடுவது மாதிரி அரை மணி நேரம் நின்றேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு நேரம் கொடுத்தார் என்று இப்போது புரிகிறது. வழக்கம் போல வந்தார், வழக்கம் போலப் பேசினார். கையில் இருந்த மூன்று வண்டிகளை முடித்தார். சனிக்கிழமை, "மாமியாருக்கு மேலுக்கு முடியலண்ணே, பாத்துக்க ஆளில்ல. இனிமே வர முடியாது" என்றார். அது காரணமில்லை என்று இருவருக்குமே தெரியும். நான் சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன். எவ்வளவு நல்ல மனிதன் நான்!

எட்டு மாதம் போனது. புதிதாக வந்த மெக்கானிக் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே பேட்டரியை மாற்றச் சொல்லுவார். எனக்கு வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஒரு நாள் கல்லல்காரர் ஒருவர் வண்டி வாங்க வந்தார். ரிப்பேர் என்றால் இவ்வளவு தூரம் வரணுமே என்று யோசித்தவர், தானே சொன்னார்: "எங்க ஊருலயும் ஒரு பொண்ணு வீட்டு வாசல்ல ரிப்பேர் பாக்குது. யாரும் போறதில்ல. காரைக்குடியில ஒரு ஆச்சி வண்டியில பிரேக்கக் கழட்டிவிட்டு, கைய ஒடிச்ச பொண்ணாம்ல அது? எங்க ஏரியாவுல எல்லாத்துக்கும் தெரியும். உங்க கடையிலதான் இருந்துச்சாம்ல? நல்லவேளை, அனுப்பிட்டீக."

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். அவரும் சிரித்தார். வண்டி வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் ஆச்சி வீட்டுக்குப் போனேன். கீழே மகனுடைய பாத்திரக் கடை, மேலே வீடு. ஆச்சி உட்கார்ந்திருக்க, வேறொரு பெண் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆச்சியின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது. நான் உட்காராமலே சொன்னேன்: "ஆச்சி, அந்தக் கனெக்டரக் கழட்டினது நான்தான். அந்தப் பொண்ணு இல்ல."

ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது எனக்குத் தெரியாதாப்பா? அன்னைக்கு எங்கையில வண்டியக் குடுத்தது நீதான? அந்தப் பொண்ணு அங்க இல்லவே இல்லையே."

 இந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட இதை நான் யோசிக்கவில்லை. நான் செய்ததற்குச் சாட்சியாக நின்றவரே ஆச்சிதான்.

"வண்டியச் சரி பண்ணிக் கொண்டாந்து விட வந்துச்சு. ஏன்டியம்மா, எம்மகன் அந்தப் பேச்சுப் பேசினானாமே, நீ ஏன் வாயத் தொறக்கலன்னு கேட்டேன். 'நான் சொன்னா, தப்பிக்கிறதுக்காக அவுக மேல பழி போடுறேன்னுதான் ஆகும் ஆச்சி. அவுகளே சொல்லிருவாக. நல்ல மனுசன்தான், கொஞ்சம் பதறிட்டாக. நீங்களும் சொல்லாதீக'ன்னு எங்கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு. நீ ரெண்டு நாள்ல வந்துருவேன்னு நானும் பாத்தேன். அப்பறம் வந்திருப்பே, அவன்கிட்டச் சொல்லிருப்பேன்னு நெனச்சேன். சொல்லவே இல்லையா நீ?"

"இல்ல ஆச்சி."

"எங்கிட்ட வந்து சொல்லி என்னத்துக்கு ஆகும்? எனக்குத்தான் தெரியுமே. கீழ எறங்கி அவன்கிட்டச் சொல்லு."

இறங்கினேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். மகன் ஒரு அண்டாவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆட்கள் போகட்டும் என்று ஒரு நிமிடம் நின்றேன். பிறகு அந்தப் பழைய புத்தியின் மேல் எனக்கே வெறுப்பு வந்து, அவர்கள் எதிரிலேயே சொன்னேன். அவருக்குப் புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் துணியைக் கீழே வைத்தார். "நான் அந்தப் பொண்ண அன்னைக்கு என்னென்ன பேசினேன்! நீங்க பக்கத்துலதான நின்னீக?"

"நின்னேன்."

"கேட்டுக்கிட்டே நின்னீகளா?"

"ஆமா."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே பிடிக்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போனப் போடுங்க. நான் மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "சொல்லுங்கண்ணே, நல்லா இருக்கீகளா?" என்றது அதே குரல். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.  போனை ஆச்சி மகனிடம் நீட்டினேன்.

"தங்கச்சி, நான் ஆச்சி மகன் பேசுறேன். அன்னைக்கு வாய்க்கு வந்ததப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காத, என்னைய மன்னிச்சிரு. ஆமா... ஆமா, அவரேதான் வந்து சொன்னாரு." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்குத்தாம்மா. இப்பத்தான்."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"எப்பச் சொன்னாகன்னு கேட்டுச்சு. சொன்னேன். வச்சிருச்சு."